அக்கா குதிரைக்கு ஜோடி பார்த்த வருடம்

பாவா இறந்த பிறகு அக்காவுக்கென்று மிஞ்சியது ஒரு பெண் குதிரையும், அதன் சலங்கையும் ஜரிகைப் போர்வையும் கிடந்த ஒரு தகரப் பெட்டியும்தான். பாவா என்றால் அக்காவின் கணவர். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

திருத்தணியில் முகூர்த்த நாளென்றால் மண்டபத்துக்கு மண்டபம் கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டும் என்பவர்கள் பாவாவைத் தேடித்தான் வருவார்கள். நல்ல வெள்ளைக் குதிரை. பட்டாசுக்கு மிரளாது. பேண்டு வாத்தியத்துக்கு நடுவிலும் நிறுத்திய இடத்தில் நிற்கும். ஒரு நாள் காலையில் அதற்குப் புல் போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பாவா மறுபடி எழுந்திருக்கவில்லை. அக்கா காபியோடு வந்து பார்த்தபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில், முன்பே பேசி வைத்திருந்த ஒரு கல்யாணத்துக்கு அக்காவே குதிரையைப் பிடித்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். கொள்ளு வேகவைப்பதிலிருந்து குளம்பைச் சுத்தம் செய்வதுவரை ஆரம்பத்திலிருந்தே அவள்தான் பார்த்தாள். குதிரை அவள் சொன்னால்தான் கேட்கும். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் அத்தை அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, நீயா புட்சிகினு வர்ற? வூட்ல ஆம்பள யாரும் இல்லியா?"

அக்கா கடிவாளக் கயிற்றை என் கையில் கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, விளக்குச் சரம் போட்டிருந்த அந்தத் தெரு முழுக்கத் தனியாக நடந்து வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நான்தான் பிடித்துக்கொண்டு போனேன். தாலுகா ஆபீஸ் எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. முகூர்த்த நாட்களில் சீக்கிரம் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்புவேன். குதிரைக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஒரு ஊர்வலத்தில் சரவெடிக்கு மிரண்டு பின்னால் நகர்ந்து, ஜெனரேட்டர் தள்ளிக்கொண்டு வந்தவரின் காலை மிதித்துவிட்டது. அந்தச் செய்தி ஊரெல்லாம் போயிற்று. அரக்கோணத்தில் ஒருவர் விளக்கு போட்ட சாரட் வண்டி வாங்கியிருந்தார். கேட்பவர்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள்.

விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அக்கா குதிரையின் பிடரியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக்கொண்டே, "இத சினைக்கு உடணும்டா," என்றாள்.

"எதுக்குக்கா?"

"இது போய்டுச்சின்னா எனக்குன்னு அப்பால இன்னா கீது சொல்லு. ஒரு குட்டி போடட்டும்."

எங்கள் இருவருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாடு என்றால் ஆஸ்பத்திரியில் சினை ஊசி போட்டு விடுவார்கள். குதிரைக்கு எங்கே போவது? கால்நடை மருத்துவமனை டாக்டரம்மாவை அக்கா வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்தாள். அவர் குதிரையின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"வாங்கறப்ப இன்னா வயசுன்னு சொன்னாங்க?"

"ஏழுன்னு சொன்னாங்களாம். அதுக்கப்பறமே ரொம்ப வருசம் ஆச்சு."

"பொய் சொல்லித்தான் வித்துருக்காங்க. இப்ப பதினஞ்சுக்கு மேலவே இருக்கும்மா. குட்டி போட்டதே இல்லியா?"

"இல்லீங்க."

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "சினை புடிக்கலாம். புடிக்காமலும் போவலாம். புடிச்சாலும் இந்த வயசுல மொத குட்டின்னா ஆபத்துதான். நானா இருந்தா உட மாட்டேன்."

"நாப்பது வயசுல பொம்பளைங்க பெத்துக்கறாங்க இல்லீங்களா?" என்றாள் அக்கா. அப்போது அவளுக்கும் அந்த வயதுதான். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். எப்படிப்பட்ட ஆண் குதிரையைத் தேட வேண்டும் என்று மட்டும் சொன்னார். இதைவிட உயரமாக இருக்கக் கூடாது. முரடாக இருக்கக் கூடாது. குணமும் குட்டிக்கு வரும். காலை நேராக வைத்து நடக்கிறதா என்று முன்னாலும் பின்னாலும் நின்று பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். "எல்லாத்துக்கும் மேல, அதோட குட்டிங்க எதனா இருந்தா போய்ப் பாருங்க. அப்பன் அழகா நிப்பான். குட்டியப் பாத்தாத்தான் தெரியும்."

முதலில் நகரி பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்குப் போனோம். அங்கே வெள்ளைக் குதிரை ஒன்று இருக்கிறது, ராஜஸ்தானிலிருந்து வந்தது என்று என் கடைக்கு வரும் ஒருவர் சொல்லியிருந்தார். மேனேஜர் எனக்கு மட்டும் நாற்காலி போட்டார். "அந்தம்மா அப்படி நெழல்ல நிக்கட்டுங்க. நம்ம பேசிக்கலாம்," என்றார். ஒரு விதவை ஆண் குதிரையைப் பார்க்க வந்திருப்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அக்கா நிழலில் நிற்கவில்லை. நேராக லாயத்துக்குள் போனாள்.

அவ்வளவு அழகான குதிரையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பால் வெள்ளை. நீலக் கண். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டன. அதை வெளியே கொண்டுவர இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மூக்கின் மேல் சங்கிலி போட்டு இழுத்துப் பிடித்தார். இன்னொருவர் குச்சியோடு நின்றார். சங்கிலி பிடித்தவரின் முழங்கைக்குக் கீழே பழைய கடித் தழும்புகள் இருந்தன.

"கடிக்குமா?" என்றாள் அக்கா.

"சாதி குதிரன்னா அப்பிடித்தாம்மா," என்றார் மேனேஜர்.

"இதோட குட்டி எதனா கீதா?"

பின்பக்கம் ஒரு வயதுக் குட்டி கட்டியிருந்தது. அதுவும் வெள்ளை. தரையில் போட்ட புல்லைக் கடித்து இழுத்தது. பாதிப் புல் வாயிலிருந்து நழுவி விழுந்தது. மறுபடி இழுத்தது. அக்கா உட்கார்ந்து அதன் உதட்டைத் தூக்கினாள். மேல் பற்கள் கீழ்ப் பற்களைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. மேலும் கீழும் சேரவே இல்லை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல இருந்தது. அக்கா எழுந்து பெரிய குதிரையிடம் திரும்பிப் போனாள். "இதோட வாயத் தொறந்து காட்டுங்க," என்றாள். சங்கிலி பிடித்திருந்தவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். "இன்னாங்க சார், நீங்க ஒண்ணும் பேச மாட்றீங்க?"

"அக்கா சொல்றதுதாங்க," என்றேன். காட்டினார்கள். அப்பனுக்கும் அதே வாய்தான், கொஞ்சம் குறைவாக. நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். வழியில், "வெள்ளக் குட்டின்னா கல்யாணத்துக்காவது ஆவும்க்கா," என்றேன். "துன்ன முடியாத வாய வெச்சிகினு கல்யாணத்துக்குப் போயி இன்னா பண்றது," என்றாள்.

அடுத்துப் போன இரண்டு இடங்களும் சரிவரவில்லை. ஒன்றில் குதிரைக்கு இருமல். இன்னொன்றின் சொந்தக்காரர் எங்களை உள்ளேயே விடவில்லை. கடைசியில் மணவூரில் ஒரு பாயைப் பற்றித் தெரிந்தது. பழைய லாரி டயர் வாங்கி விற்பவர். குதிரை அவருக்கு ஆசைக்கு. ஸ்டேஷனிலிருந்து நடந்து போனோம். குடோன் பின்னால் வேப்ப மரத்தடியில் ஒரு செம்மண் நிறக் குதிரை கட்டாமலேயே நின்றுகொண்டிருந்தது. எங்கள் குதிரையைவிடச் சற்றுக் குள்ளம். அக்கா அருகில் போனதும் அவள் புடவைத் தலைப்பை முகர்ந்தது, அவ்வளவுதான். பாய் எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டு, அக்காவைப் பார்த்தே பேசினார்.

"கேளும்மா. இன்னா கேக்கணுமோ கேளு."

அக்கா எல்லாம் கேட்டாள். நான் கூசிக்கொண்டு டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்றுகூடக் கேட்டாள். குனிந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார், அவளும் பார்த்தாள். இரண்டு ஊர் தள்ளி அதன் குட்டிகள் இருந்தன. பாய் தன் ஆட்டோவிலேயே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். மூன்றும் நேரான கால், நல்ல வாய். ரத்தப் பரிசோதனை மட்டும் பழையது. மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றார், எடுத்தும் தந்தார்.

பிறகு அவர் கேட்டார். "உன் குதிரைக்கு இன்னா வயசும்மா?"

அக்கா மறைக்கவில்லை. பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "மொத குட்டிக்கு ஜாஸ்தி வயசும்மா. சின்ன வயசு பொட்ட ஒண்ணு நானே பாத்துத் தரேன். அதுல குட்டி எடுத்துக்கோ. இது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"எனக்கு இதோட குட்டிதான் பாய் வோணும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் பேசியிருக்கலாம். பேசினாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பங்குனியில் குதிரை பருவத்துக்கு வந்தபோது மினி லாரியில் ஏற்றி மணவூருக்குக் கொண்டுபோனோம். முதல் நாள் அது ஆணை அண்டவிடவில்லை. காதை மடித்துக்கொண்டு உதைத்தது. குடோன் சுவரில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண் அக்கா காதில் விழும்படியே, "தாலி அறுத்தவ பாக்கற வேலையா இது," என்று சொல்லிவிட்டுப் போனாள். பாயின் தம்பி சுவரில் இருந்தவர்களை விரட்டினார். மறுநாள் காலையில் குதிரை அமைதியாக நின்றது. அக்கா அதன் தலையைத் தன் தோளில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பாய் இருவருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். அக்கா குடிக்கவில்லை.

சினை பிடித்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் முகத்தில் பெரிய சந்தோஷம் இல்லை. அக்காவுக்கு இருந்தது. அந்த மாதங்களில்தான் அவள் மறுபடி நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பித்தாள். காலையில் பைபாஸ் ஓரமாகக் குதிரையை நடக்க வைப்பாள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தெருவெல்லாம் காவடியும் மேளமுமாக இருந்தபோது, சத்தம் கேட்காமல் இருக்கக் கொட்டகை முழுக்கக் கோணிப்பை கட்டித் தொங்கவிட்டாள். குதிரையின் வயிறு ஒரு பக்கம் அசைவதைப் பார்க்க என்னைக் கடையிலிருந்து கூப்பிட்டு அனுப்புவாள். நானும் போய்க் கை வைத்துப் பார்ப்பேன். உள்ளே ஏதோ ஒன்று உருண்டு என் உள்ளங்கையைத் தள்ளிவிட்டுப் போகும்.

மாசியில் ஒரு விடியற்காலை போன் வந்தது. "டேய், வா," என்றாள். அவ்வளவுதான். நான் பைக்கில் போய்ச் சேர்வதற்குள் குட்டி வெளியே வந்துவிட்டிருந்தது. அப்பனைப் போலவே செம்மண் நிறம். பெண் குட்டி. ஈரத்தோடு வைக்கோலில் உட்கார்ந்திருந்தது. எந்தக் கஷ்டமும் இல்லாமல் முன்னங்கால் இரண்டும் தலையும் நேராக வந்தது என்று அக்கா சொன்னாள். குதிரை குட்டியை நக்கியது. குட்டி விழுந்து விழுந்து எழுந்து, இடம் மாறி மாறி முட்டி, கடைசியில் காம்பைப் பிடித்துக் குடித்தது. அக்கா சிரித்தாள். பாவா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பாய்க்குப் போன் போட்டு, "வாயி நல்லா கீது பாய், காலு நல்லா கீது," என்று கத்தினாள்.

நன்றாக வெளிச்சம் வந்த பிறகு குதிரைக்கு வியர்த்தது. காலை நேரத்தில், சும்மா நிற்கும்போது, கழுத்திலிருந்து சொட்டச் சொட்ட வியர்த்தது. மேலுதட்டைச் சுருட்டித் தன் விலாப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நஞ்சுக்கொடி விழுகிற வலியாக இருக்கும் என்று நினைத்தோம். நஞ்சும் விழுந்தது. வியர்வை நிற்கவில்லை. அக்கா அதன் உதட்டைத் தூக்கினாள். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்திருந்தது. உதட்டை மெதுவாக விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா ஆர்.கே.பேட்டை பக்கம் தடுப்பூசி முகாமில் இருந்தார். பாதியில் விட்டுவிட்டு வந்தார். அவர் வந்தபோது குதிரை படுத்துவிட்டிருந்தது. ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார். அசைக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்றார். குதிரை ஒருமுறை எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால் மட்டும் ஊன்றியது. பிறகு பக்கவாட்டில் சரிந்து, கழுத்தை நீட்டியது. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொள்ள உட்கார்ந்தாள். மடியில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

குட்டிக்கு அது புரியவில்லை. படுத்திருந்த வயிற்றின் மேல் முட்டிக் காம்பைத் தேடிப் பிடித்தது. இன்னும் பால் இருந்தது, குடித்தது. "குடிக்கட்டும். இது முக்கியமான பால், உடுங்க," என்றார் டாக்டரம்மா. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். என்னால் முடியாமல் வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "எதனால?"

"உள்ள கர்ப்பப்பைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கும்மா. வயசான குதிரைக்கு இப்பிடி ஆவறது உண்டு. வெளிய ரத்தம் தெரியாது."

"நா எடுத்த ஆம்பள சரியில்லியா?"

"அதுமேல ஒரு தப்பும் இல்ல. நல்லாத்தான் தேடி எடுத்தீங்க. குட்டி சின்னதா, நேராத்தான் வந்துருக்கு."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நா சினைக்கு உடலன்னா இது இருந்துருக்குமா?"

டாக்டரம்மா பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். அவர் கையுறையைக் கழற்றி மடித்தார். "இருந்துருக்கும்மா," என்றார்.

புதைப்பதற்கு இடம் கிடைக்கவில்லை. ஏரிக்கரையில் தோண்டப் போனால் பக்கத்து வீடுகளிலிருந்து வந்து, நாற்றம் வரும், போர் தண்ணீர் கெட்டுவிடும் என்று சண்டை போட்டார்கள். கடைசியில் கல்குவாரிக்குப் போகிற வழியில் முள்ளுக்காட்டில் ஒருவர் இடம் காட்டினார். ஜேசிபி வந்தது. பின்னங்கால்களில் சங்கிலி போட்டுத் தூக்கும்போது, பாவா கட்டிய கொட்டகைக் கூரையில் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது. அக்கா குட்டியை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜேசிபி சத்தத்தையும் மீறி, குட்டி உள்ளே கத்துவது தெருவரை கேட்டது.

மறுநாள் பாய் ஆட்டோவில் வந்து இறங்கினார். பின் சீட்டில் ஒரு கறவை ஆடு. பசும்பாலில் தண்ணீரும் குளுக்கோஸும் கலந்து பாட்டிலில் கொடுத்துக்கொண்டிருந்தோம். குட்டிக்குக் கழிச்சல் கண்டிருந்தது. பாய் ஆட்டை ஒரு மேடான கல்மேல் நிற்க வைத்துக் குட்டியின் வாயைக் கொண்டுபோய்க் காம்பில் வைத்தார். ஆடு முதலில் குதித்தது, பிறகு நின்றது. "நாந்தாம்மா உன்கிட்ட முடியாதுன்னு கண்டிசனா சொல்லியிருக்கணும்," என்றார் பாய். அக்கா, "நீ சொன்ன பாய். நாந்தான் கேக்கல," என்றாள். அதைச் சாதாரணமாக, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

குட்டி பிழைத்துக்கொண்டது. இரவும் பகலும் அக்காதான் பார்த்தாள். ஒரு வேளைப் பால்கூடத் தவறவில்லை. கழிச்சலைக் கழுவினாள், ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவினாள். ஆனால் கொஞ்சமாட்டாள். குட்டி அவள் முதுகில் முட்டினால் நகர்ந்து உட்காருவாள். ஒரு நாள் அதைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"இன்னாக்கா, இது உனுக்குப் பிடிக்கலியா?"

"பிடிக்காம இன்னா. அத பாத்தா அம்மாக்காரி படுத்துனு கீறது தெரியுது. நா இன்னாடா பண்ணட்டும்?"

நாங்கள் எத்தனை ஊர் சுற்றி ஆண் குதிரைகளைப் பல் முதல் குளம்புவரை பார்த்தோம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். யாரிடமும் ஏமாறவில்லை. அழகைப் பார்த்து மயங்கவில்லை. தேர்ந்தெடுத்தது சரியான ஜோடிதான். வீட்டில் நின்ற வயதான குதிரை அந்த ஜோடிக்குச் சரிதானா என்ற கேள்வியை மட்டும், டாக்டரம்மாவும் பாயும் எடுத்துச் சொல்லியும், நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. அது எங்கள் குதிரை. எங்களுக்கு அதன் குட்டி வேண்டியிருந்தது.

இப்போது குட்டி வளர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு யாரும் கேட்பதில்லை, நிறம் ஆகாது. அக்கா திருவள்ளூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். காலை ரயிலைப் பிடிப்பதற்கு முன் அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போவாள், மத்தியானம் நான் கடையிலிருந்து போய்ப் புல் போடுவேன். போன மாதம் ஊத்துக்கோட்டை பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தன்னிடம் நல்ல ஆண் குதிரை இருக்கிறது, சாந்தமானது, வயதும் பொருத்தம், குட்டிகளைக் காட்டுகிறேன் என்றார். உண்மையில் எல்லாமே பொருத்தமாகத்தான் இருந்தது.

அக்கா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி கேட்டாள். அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

"வாணாங்க," என்றாள்.

"ஏம்மா? சின்ன வயசுதான, ஒரு ஆபத்தும் இல்ல."

"ஆங், இல்லதான். வாணாங்க."

அவரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அக்கா விளக்கைப் போட்டுவிட்டு, ஊறவைத்த கொள்ளை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.